புகார் குடுத்தாச்சு, விசாரணைக்கும் போவோம்!

(கெலமங்கலம் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தக்காளிக்குக் கட்டுபடியான விலை கேட்டு ரோட்டில் உட்கார்ந்தோம். லத்தியால் அடித்தார்கள். வயசான மனுஷனுக்குக் கை உடைந்தது. ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அடித்தவர்கள் மேல் நாம் புகார் எழுதிக் கொடுத்தோம். இப்போது விசாரணைக்கு வரச்சொல்லி சம்மன் வந்திருக்கிறது.

சம்மன் வந்ததும் நம்மில் சிலருக்குக் கலக்கம். "அதான் எழுதிக் குடுத்தாச்சே, இன்னும் எதுக்குக் கூப்பிடறாங்க? ஒருநாள் கூலி போகுமே? போலீசை விசாரிக்கிறதும் அவங்க ஆளுதானே?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் போகாவிட்டால் என்ன நடக்கும்? "புகார்தாரர் ஆஜராகவில்லை" என்று ஒரு வரி எழுதி ஃபைலைக் கட்டி மூடுவார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அடித்தவர்கள் காத்திருக்கிறார்கள். அதை அவர்களுக்கு நாம் கொடுக்கலாமா?

தோழர்களே, வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். தூரதேசம் இல்லை, அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். அன்றைக்கு அவர்களும் நாமும் ஒரே தர்மபுரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிறையில் தள்ளினார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அன்றைய அரசு சாதித்தது.

மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். மலைவாழ் மக்கள் சங்கம் கூடவே நின்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி ஊருக்கே வந்து விசாரித்தார். 1995-இல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. ஒவ்வொரு விசாரணையிலும் அந்த ஏழைப் பெண்கள் வந்து நின்றார்கள். அடையாள அணிவகுப்பில், தங்களைச் சீரழித்தவன் முகத்துக்கு நேராக நின்று "இவன்தான்" என்று கை காட்டினார்கள். கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு அசையாமல் பதில் சொன்னார்கள்.

2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 54 பேர் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. ஒருத்தர்கூடத் தப்பவில்லை. 2023-இல் உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார், அந்த வருஷம் செப்டம்பர் 29-ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார். 31 வருஷம்! அத்தனை வருஷமும் கூலி போகவில்லையா அவர்களுக்கு? பயம் இல்லையா? இருந்தது. சங்கமாக நின்றதால் தாங்கினார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறோம். 2023-இல் அம்பாசமுத்திரம் பகுதியில், விசாரணைக்குக் கூட்டிப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் போலீஸ் அதிகாரி மேல் புகார் கிளம்பியது. முதலில் சார் ஆட்சியர் விசாரித்தபோது, "கீழே விழுந்ததில் பல் உடைந்தது" என்று பாதிக்கப்பட்டவரே சொன்னதாகச் செய்தி வந்தது. பிறகு மற்றவர்கள் துணிந்து பேசினார்கள், உயர்மட்ட விசாரணை வந்தது, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தனி ஆளாகப் போனால் நாக்கு புரளும். நாலு பேர் வாசலில் நின்றால் உண்மை வரும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இதுதான்.

விசாரணைக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம். சங்கத்திலிருந்து துணைக்கு ஆள் வரும், வக்கீலும் வருவார். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தின் 179-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது.

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். மூணு அடி விழுந்திருந்தால் மூணு அடி. கோபத்தில் முப்பது என்று சொன்னால், அந்த ஒரு பொய்யை வைத்து ஒன்பது உண்மையை உடைத்துவிடுவார்கள். ஞாபகம் இல்லையென்றால் ஞாபகம் இல்லை என்று சொல்லுங்கள்.

நம்ம ஊரில் பாதிப்பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு, கன்னடம். எழுதுகிறவர் தமிழில் எழுதுவார். நீங்கள் சொன்னது ஒன்று, காகிதத்தில் ஏறியது ஒன்றாகிவிடக் கூடாது. "ஒருதரம் படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேளுங்கள். போலீஸ் புலன்விசாரணையில் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181-ஆவது பிரிவு சொல்கிறது. சார் ஆட்சியர் விசாரணை போன்றவற்றில் கையெழுத்துக் கேட்டால், படித்துக் காட்டிய பிறகுதான் போட வேண்டும். வெள்ளைத்தாளில் எங்கேயும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி சீட்டு, ஏ.ஆர். காப்பி, போட்டோ, ரத்தக்கறை பட்ட சட்டை எல்லாம் பத்திரம். நகலைக் கொடுங்கள், அசல் நம்மிடம் இருக்கட்டும். அசலை கேட்டு வாங்கினால் ரசீது வாங்குங்கள்.

ஸ்டேஷன் கேமரா பதிவைக் கேட்டு இன்றைக்கே மனுப் போடுகிறோம். பதிவை 18 மாதம், குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே 2020-இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா பதிவு தினமும் தானாக அழிவதுபோல் வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அங்கே தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொன்னார். காக்கிச் சட்டைக்குள்ளும் மனசாட்சி உண்டு. நம் சண்டை அடித்தவர்களோடுதான்.

"செலவுக்கு வெச்சுக்கோ, வாபஸ் வாங்கிடு" என்று யாராவது வருவார்கள். வந்த தேதி, நேரம், என்ன பேசினார் என்பதை எழுதி வையுங்கள். மிரட்டல் வந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2018-இல் உச்சநீதிமன்றம் அதைச் சட்டமாகவே அங்கீகரித்தது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுப்போம்.

ஆனேக்கல், பெங்களூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் போன் நம்பர் மாற்றினால் சங்கத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். "சாட்சி ஊரில் இல்லை" என்ற பேச்சு வரக் கூடாது.

விசாரிக்கிறவர் மேல் நம்பிக்கை இல்லையா? வேறு அதிகாரி வேண்டும் என்று எஸ்.பி.க்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுவோம், தேவைப்பட்டால் உயர்நீதிமன்றம் போவோம். ஆனால் அதுவரைக்கும் கூப்பிட்ட இடத்துக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வருவோம்.

நமது கோரிக்கைகள்:

1. மறியலில் அடித்தவர்கள் மேல் எஃப்.ஐ.ஆர். போடு! நகலை இலவசமாகக் கொடு!

2. சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு வெளியே, வேறு பிரிவு அதிகாரியை வைத்து விசாரி!

3. கேமரா பதிவை அழிக்காதே! கோர்ட்டில் ஒப்படை!

4. சாட்சிகளை மிரட்டாதே! விவசாயிகள் மேல் போட்ட பொய்வழக்கை வாபஸ் வாங்கு!

விசாரணை நாளன்று காலையில் கெலமங்கலம் பஸ் ஸ்டாண்டில் கூடுவோம். சம்மன் வந்தவர்கள் உள்ளே போகட்டும். மற்றவர்கள் வெளியே அமைதியாக உட்காருவோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!