விழப் பழகியோர் நட்பு



சண்டை பழகப் போகும் பிள்ளை சண்டியனாகத்தான் திரும்பி வருவான் என்று நம் வீடுகளிலே பெரியோர் கூறுவதுண்டு. அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. கைவலிமை பெற்றவனுக்கு மன அடக்கம் இல்லையெனில் ஊருக்குத் தொல்லையே. ஆயினும், கைப்போர்க் கலையொன்றை ஒழுக்கப் பள்ளியாகவே ஒருவர் அமைத்துக் காட்டிய வரலாறும் உண்டு. அதனைச் சற்று நோக்குவோம்.

யப்பான் நாட்டிலே 1860ஆம் ஆண்டு பிறந்தவர் ஜிகொரோ கானோ. மெலிந்த உடலினர், பள்ளியிலே வலிய மாணவரிடம் துன்பப்பட்டவர். தம்மைக் காத்துக்கொள்ளவே ஜுஜுட்சு என்னும் பழைய கலையை நாடினார். அதிலிருந்து ஜூடோவை வகுத்து, 1882இல் தோக்கியோ நகரத்து எய்ஷோஜி என்னும் பௌத்த கோயிலில், பன்னிரண்டு பாய்கள் கொள்ளும் சிறு கூடத்திலே கொடோகன் பள்ளியைத் தொடங்கினார். முதலாண்டில் மாணவர் ஒன்பதின்மரே. அவர்கள் விழுந்த அதிர்ச்சியில், இறந்தோர் பெயர் எழுதிய நினைவுப் பலகைகள் சரிந்தனவாம். கோயிற் குரு முறையிட்டாராம். கானோ தாமே விளக்கேந்தித் தரைக்குக் கீழே தவழ்ந்து சென்று, முறிந்த பலகைகளைச் செப்பனிட்டார் என்பர். ஆசிரியரே தரையைச் செப்பனிடும் இடத்தில், பாயைக் கூட்டித் துப்புரவாக்க எந்த மாணவன் தயங்குவான்?

அங்கே முதற் பாடம் விழுதல். நாடியை நெஞ்சோடு ஒடுக்கி, கையாற் பாயை அறைந்து, விழும் வேகத்தைப் பரவச் செய்யவேண்டும். வீழ்த்துபவனுக்கும் ஒரு கடமை உண்டு: விழுபவனின் சட்டைக்கையை விடாது பற்றி, அவன் தலை தரையில் மோதாமற் காக்கவேண்டும். கைப்பூட்டு விழுந்தவன் இருமுறை தட்டினால் அக்கணமே பிடியை விடவேண்டும். தட்டியும் விடாதவனோடு மறுநாட் பயில எவன் முன்வருவான்? தன் கழுத்தையும் மூட்டையும் நாள்தோறும் ஒருவன் கையில் ஒப்புக்கொடுத்துப் பழகியபின் உண்டாகும் நட்பு, தேநீர்க் கடையில் உண்டாகும் நட்பைப் போன்றதன்று. தானும் பிறரும் சேர்ந்து செழித்தல் என்பதைக் கானோ தம் இரு கொள்கைகளில் ஒன்றாக வைத்ததற்குக் காரணம் இப்பாயிலேயே இருக்கின்றது. (மூன்று மாதத்திற் கறுப்புக் கச்சை கேட்கும் நம் தம்பிமார் இதனைக் கருதுவார்களாக.)

கானோ 1938இல் மறைந்தார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கிலே ஜூடோ முதன்முறை இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில், ஒல்லாந்து வீரர் அந்தோன் கீசிங், யப்பானியர் அக்கியோ கமினாகாவை அவர் நாட்டு மக்கள் கண்முன்னே வென்றார். களிப்பு மிகுந்து பாயை நோக்கி ஓடிவந்த தம் நாட்டவரைக் கீசிங் கையுயர்த்தித் தடுத்தார். தோற்றவருக்கு வணக்கம் செலுத்தும் முன் கொண்டாட்டம் கூடாதென்பது அவர் கற்ற பாடம். அரங்கத்து யப்பானியர் பதக்கத்தை இழந்தனர். ஆயினும் தங்கள் கலை பிறநாட்டான் உள்ளத்தில் வேரூன்றியதைக் கண்டனர்.

1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யசுஹிரோ யமாஷித்தா வலது கெண்டைக்காலிற் காயத்தோடு இறுதிப் போட்டிக்கு வந்தார். எதிர்த்தவர் எகிப்தியர் முகம்மது ரஷ்வான். காயப்பட்ட காலை நாடி வெல்ல விரும்பவில்லை என்று ரஷ்வான் பின்னர் கூறினார். அவருடைய முதற் தாக்குதல் அந்தக் காலை நோக்கியே சென்றது என்று வாதிடுவோரும் உளர். நாம் அவ்வழக்கிற் புகவேண்டியதில்லை. பரிசு மேடையில் நொண்டி ஏறிய யமாஷித்தாவுக்குத் தோற்றவரே கைகொடுத்ததை உலகம் கண்டது. அவ்விருவர் நட்பு பல்லாண்டு நீடித்தது.

இன்னொன்று. கானோவின் முதலாசிரியர்களுள் ஒருவர் ஹச்சினொசுக்கே புக்குடா, 1879இல் காலமானார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் கானோ அவரை மறக்கவில்லை. ஆசிரியரின் பேர்த்தி கெய்க்கோவைத் தாமே அழைத்து, 1935இல் பெண்கள் பிரிவிற் சேர்த்தார். அவ்வம்மையார் பின்பு அமெரிக்காவிற் குடியேறி நெடுங்காலம் கற்பித்து, 2013இல் 99ஆம் வயதில் மறைந்தார்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு மாலைப்பொழுது அப்பயிற்சிக் கூடத்தில் அமர்ந்திருங்கள். பெரியவன் சிறியவனை எவ்வாறு வீழ்த்துகின்றான், தட்டியதும் விடுகின்றானா, பயிற்சி முடிந்தபின் பாயை யார் கூட்டுகின்றார் என்று பாருங்கள். சுவரில் தொங்கும் கேடயங்களைப் பின்பு எண்ணலாம்.