குற்றக் கணக்கை யார் சரிபார்ப்பது?



1948-இல் நேரு நம் காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று மக்கள் பணத்தில் ஆராய்கிற ஊர் இது. மனிதன் ஏன் குற்றம் செய்கிறான், அதை எப்படித் தடுப்பது என்று ஆராயவும் நம் வரிப்பணம் போகிறது. அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

1970-இல் காவல் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணியகம் வந்தது. 1986-இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வந்தது. இரண்டும் மத்திய உள்துறையின் கீழ் இருக்கின்றன. நம் ஊர் ஸ்டேஷனில் போடும் எஃப்.ஐ.ஆர். மாவட்டக் காப்பகம், சென்னை, டெல்லி என்று போய், ஆண்டறிக்கையில் ஓர் எண்ணாகிறது.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குள் திருடன் நுழைகிறான். காவலாளியைக் கொன்றுவிட்டுப் பித்தளைச் சாமான்களை அள்ளிப் போகிறான். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், பெரிய தண்டனைக்குரியது மட்டுமே கணக்கில் ஏறும். கொலை ஒன்று என்று எழுதுவார்கள்; கொள்ளை அங்கே காணாமல் போகும். இன்னொன்றும் உண்டு. பெண்கள் துணிந்து புகார் கொடுக்கும் மாவட்டத்தில் வழக்குகள் கூடும். அதைப் பார்த்து அந்த மாவட்டம் கெட்டுவிட்டது என்று சொல்லலாமா? ஆராய்ந்தால்தானே தெரியும்!

ஆராய்வதற்குக் கணக்கு கைக்கு வர வேண்டாமா? 2017-ஆம் ஆண்டுக் கணக்கு 2019 அக்டோபரில் வந்தது. 2023-இன் கணக்கு 2025 செப்டம்பரில் வந்தது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு இன்றைய குற்றத்தை எப்படித் தடுப்பது?

தாமதம் ஒருபுறம் இருக்கட்டும்; கணக்கைச் சரிபார்ப்பது யார்? முன்பு பர்மாவிலும் மலாயாவிலும் நம் ஊரார் வட்டிக்கடை நடத்தினார்கள். அங்கே எழுதிய கணக்கை ஊரிலிருந்த முதலாளி வரவழைத்து, வரி வரியாகப் பார்த்தார். எழுதியவரே சரிபார்க்கட்டும் என்று விட்டாரா? குற்றங்களைப் பதிவது காவல்துறை, தொகுப்பது மத்திய உள்துறையின் காப்பகம் என்றால், முதலாளியான மக்கள் எங்கே?

அதனால் மூன்று கோரிக்கைகள். குற்ற ஆய்வை நீதிபதிகளும் புள்ளியியலாளர்களும் குற்றவியல் பேராசிரியர்களும் கொண்ட தனி மன்றம் மேற்பார்க்க வேண்டும். கணக்கு வரவேண்டிய மாதத்தைச் சட்டம் குறிக்க வேண்டும். பெயர் நீக்கிய மூலத் தரவை, குற்றவியல் துறை நடத்தும் சென்னை, நெல்லைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

இதை இன்றே இந்த அவையில் தீர்மானமாக்குவோம். நம் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் கொடுத்து, டெல்லியில் பேசச் சொல்வோம்.