ஒன்றரை வருஷம் சும்மா கொடுக்கலாமா?

போன எபிசோட் கேட்டுட்டு ஒருத்தர் எழுதியிருந்தீங்க: "கவுன்சிலர் பதவி எத்தனை வருஷம்னு மக்களே ஓட்டுப் போட்டு மாத்த முடியுமா?" நம்ம ஊர்ல முடியாது. 5 வருஷம்னு அரசியலமைப்பே சொல்லுது. ஆனா லாஸ் ஏஞ்சலிஸ்ல மாத்தினாங்க. அப்போ நான் அங்கேதான் படிச்சுக்கிட்டிருந்தேன்.

அங்கே மாநகரத் தேர்தல் ஒற்றைப்படை வருஷத்துல, தனியா நடக்கும். அதனால யாருமே எட்டிப் பார்க்க மாட்டாங்க. 2013 மேயர் தேர்தலோட இறுதிச் சுற்றுல விழுந்தது சுமார் 23 சதவீத ஓட்டுதான். அதனால 2015 மார்ச்ல ஒரு யோசனையை மக்கள் முன்னாடி வெச்சாங்க: கவர்னர், அதிபர் தேர்தலோட சேர்த்து இரட்டைப்படை வருஷத்துல நடத்தலாம்.

நல்ல விஷயம்தானே? ஆனா ஒரு சிக்கல். தேதியை நகர்த்தினா நடுவுல ஒன்றரை வருஷ இடைவெளி விழும். அதை நிரப்ப, 2015-லயும் 2017-லயும் ஜெயிக்கிறவங்களுக்கு அந்த ஒரு தடவை மட்டும் 4 வருஷத்துக்குப் பதிலா ஐந்தரை வருஷம்.

எனக்குக் கோபம் வந்தது. கூட்டுறதுக்குப் பதிலா குறைச்சிருக்கலாமே? இன்னொரு எதிர்ப்பும் இருந்தது: பெரிய தேர்தல் சத்தத்துல தெரு விளக்கும் நடைபாதையும் காதுல விழாது, விளம்பரச் செலவும் எகிறும்னாங்க.

கிட்டத்தட்ட 77 சதவீதம் பேர் 'சரி'ன்னாங்க. ஆனா அன்னைக்கு ஓட்டுப் போட்டதே சுமார் 10 சதவீதம் பேர்தான்! எனக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருந்த என் ரூம்மேட்டோட வாக்குச்சீட்டு, உறைகூடப் பிரிக்காம எங்க ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது.

மேயர் எரிக் கார்செட்டியோட இரண்டாவது பதவிக்காலம் 2017 ஜூலையில ஆரம்பிச்சு 2022 டிசம்பர் வரைக்கும் நீண்டது. 2022 நவம்பர்ல புது முறைப்படி மேயர் தேர்தல். 40 சதவீதத்துக்கு மேல ஓட்டு! செலவு பத்தின பயமும் பொய்யில்லை: ரிக் கரூசோ 10 கோடி டாலருக்கு மேல கொட்டினார். ஆனாலும் ஜெயிச்சது கேரன் பாஸ்.

அன்னைக்கு ரூம்மேட் போன் பண்ணினான். "ஓட்டுப் போட்டுட்டேன்டா."

"மேயருக்கா?"

"கவர்னருக்குன்னுதான் சீட்டைப் பிரிச்சேன். மேயரும் அதுலயே இருந்தாங்க. சரின்னு போட்டேன்."

அந்த ஒன்றரை வருஷத்துக்கு ஊர் வாங்கினது இதைத்தான். விலை ஜாஸ்தின்னு இன்னைக்கும் நினைக்கிறேன். வாங்கினது வீண்னு மட்டும் சொல்ல முடியலை. நீங்க என்ன சொல்றீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க.