காறாத எண்ணெயின் கணக்கு



சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘ஐ.என்.எஸ். 319’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டி.பி.எச்.க்யூ. என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானின் எண் அது. எண்ணெய் சீக்கிரம் காறிப்போகாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள்.

காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெயில் அதைக் காறவைக்கும் ஃப்ரீ ராடிகல்கள் என்ற துணுக்குகள் உண்டாகும். ஒன்று பத்தாகிப் பெருகும். தடுப்பான் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அவற்றை அடக்குகிறது. கொடுத்த பிறகு அது பழைய பொருளாக இருப்பதில்லை. தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து, டி.பி.க்யூ. என்ற குயினோனாக மாறிவிடுகிறது. இந்த மாறிய பொருள் உடம்புக்கு ஆகுமா?

கேள்வி நியாயமானதுதான். ஆய்வகத்தில் செல்களின் மீது சோதித்தபோது, டி.பி.எச்.க்யூ.வை விட டி.பி.க்யூ. அதிக நச்சுத்தன்மை காட்டியிருக்கிறது. குயினோன்கள் செல்லில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளக் கூடியவை. ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் செல்லுக்கு இருப்பதைவிடக் கூடுதலான பாதுகாப்பு நம் உடம்புக்கு உண்டு. கல்லீரலில் உள்ள நொதிகளும் குளூட்டாதயோன் என்ற பொருளும் குயினோன்களைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றப் பார்க்கின்றன.

அளவையும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எண்ணெயில் 200 மில்லிகிராமுக்கு மேல் டி.பி.எச்.க்யூ. சேர்க்கக் கூடாது. ஒருவர் நாளுக்கு 30 கிராம் எண்ணெய் சாப்பிட்டால், மிஞ்சிப் போனால் 6 மில்லிகிராம். உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நியமித்த நிபுணர் குழுவின் வரம்புப்படி, 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 42 மில்லிகிராம் வரை போகலாம். இந்த வரம்பு டி.பி.எச்.க்யூ.வுக்கு வகுத்தது, மாறிய பொருளுக்கும் அப்படியே செல்லும் என்று சொல்லிவிட முடியாது. கையாளும் அளவு எவ்வளவு சிறியது என்பதற்காகச் சொல்கிறேன்.

“அப்படியானால் செக்கு எண்ணெய் வாங்கிவிடுகிறோம்” என்பீர்கள். வாங்கலாம். ஆனால் அதிலும் தடுப்பான் உண்டு, இயற்கையாகவே. வைட்டமின் ஈ அந்த வேலையைத்தான் செய்கிறது. செய்து முடித்ததும் அதுவும் குயினோனாக மாறுகிறது. நல்லெண்ணெயில் உள்ள ‘செசமோலின்’ என்ற பொருள் சூடு பட்டால் ‘செசமோல்’ ஆகி எண்ணெயைக் காக்கிறது. எந்தக் காவலும் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும்.

தீர்ந்த பிறகு நடப்பதுதான் பெரிய சங்கதி. வடைச்சட்டியின் கொதிசூட்டில் டி.பி.எச்.க்யூ. கொஞ்சம் ஆவியோடு போகிறது, கொஞ்சம் உருமாறுகிறது. அதற்குப் பிறகு எண்ணெயே சிதைய ஆரம்பிக்கிறது. அந்தச் சிதைவை ‘மொத்த போலார் சேர்மங்கள்’ என்ற அளவால் கணிக்கிறார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. 25 சதவீதம் என்றால் கிலோவுக்கு 250 கிராம். தடுப்பானோ, முழுவதும் மாறினாலும், கால் கிராம்கூட இல்லை. இரண்டின் நச்சும் ஒரே தரமல்ல என்பது உண்மை. ஆனாலும் எதற்கு முதலில் பயப்பட வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

ஆகவே, மாதச் சாமானில் பெரிய டின்னுக்குப் பதில் சீக்கிரம் தீரும் அளவில் எண்ணெய் வாங்குங்கள். அடுப்போரத்தில் வைக்காமல், மூடி, இருட்டில் வையுங்கள். பொரித்த எண்ணெயின் மேல் புது எண்ணெயை ஊற்றாதீர்கள். பழையதில் உள்ள சிதைவு புதியதில் உள்ள தடுப்பானையும் சீக்கிரம் தின்றுவிடும். நுரை அடங்காவிட்டாலும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தாலும், பிசுபிசுவென்று கெட்டியானாலும், காசு பார்க்காமல் அந்த எண்ணெயைக் கழித்துவிடுங்கள்.