எழுதியவரே அச்சிடும்போது: கரிசல் மண்ணில் சொந்தப் பதிப்பும் செம்மையாக்கமும்

எழுதியவரே தம் செலவில் நூலை அச்சிட்டுத் தாமே விற்பது சொந்தப் பதிப்பு. கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் வட்டாரத்துக்கு இது நேற்று வந்த பழக்கமன்று. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1908-இல் 'ஸ்வதேச கீதங்க'ளையும் 1909-இல் 'ஜன்மபூமி'யையும் தம் முயற்சியிலேயே வெளிக்கொண்டுவந்தார். ஓட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரனார் சிறை மீண்டபின், வறுமைக்கு நடுவில், 1914-இல் 'மெய்யற'த்தையும் 1915-இல் 'மெய்யறி'வையும் அச்சேற்றினார். பிற்பாடு கோவில்பட்டியில் வழக்கறிஞராக இருந்த அவர், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் பணியிலும் உழைத்தவர். தன் நூலை அச்சிட்டவரும் பிறர் நூலைச் செப்பம் செய்தவரும் ஒருவராகவே இருந்தது கவனிக்கத்தக்கது.

சொந்தப் பதிப்பின் வரலாற்றில் மிகப் பெரிய கனவும் இந்த மண்ணின் பிள்ளை கண்டதுதான். 1920-இல் பாரதியார் தம் எழுத்துகளை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டு எழுதினார். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் அவை போய்ச் சேரும் என்பது அவர் நம்பிக்கை. கோவில்பட்டி தீப்பெட்டிக்குப் பேர்பெற்றது பிற்காலத்தில். அந்த உவமை இன்று படிக்கும்போது கூடுதலாகச் சுடுகிறது. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அன்று கைப்பிரதி தயாராக இருந்தது, காசு இல்லை. இன்று பெரும்பாலும் நிலைமை தலைகீழ்: காசு தேறிவிடுகிறது, எந்திரம் காத்திருக்கிறது, பிரதிதான் தயாராகாமல் அச்சுக்குப் போகிறது.

அச்சுக் கணக்கு எளிது. 16 பக்கம் ஒரு ஃபாரம். 160 பக்க நூல் 10 ஃபாரம். ஆஃப்செட்டில் பிளேட்டுச் செலவு 100 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றே. ஆகவே குறைவாக அடித்தால் பிரதியின் அடக்கவிலை ஏறும்; நிறைய அடித்தால் கட்டுகள் பரணில் ஏறும். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் 50 பிரதி அடித்துப் பார்ப்பதும் முடிகிறது. ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. அதற்குத் தனியே பணம் வாங்குபவர் இருந்தால் ஏன் என்று கேட்பது நல்லது. பதிப்புச் சேவை ஒப்பந்தத்தில் உரிமை யாரிடம் நிற்கிறது என்பதையும் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். எழுத்தின் உரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீள்வது. ஓர் அவசரக் கையெழுத்தில் விட்டுவிடக் கூடியதன்று.

இத்தனைக்கும் செலவு செய்பவர் பெரும்பாலும் செய்யாத செலவு செம்மையாக்கத்துக்கானது. தமிழில் இந்த வேலைக்கு நிலையான பெயர்கூட அமையவில்லை. பதிப்பாசிரியர் என்றால் சுவடி பார்த்தவர் நினைவுக்கு வருகிறார். ஆசிரியர் என்றால் பத்திரிகைக்காரர். எனவே எடிட்டர் என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். பெயரின்மையால், ஒற்றுப் பிழை திருத்துவதே எடிட்டிங் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. மெய்ப்புப் பார்ப்பது கடைசி வேலை. முதல் வேலை, பிரதியை முழுதாகப் படித்து, கதை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. பல கைப்பிரதிகளில் அது மூன்றாம் அத்தியாயத்தில் கிடக்கும். அடுத்தது வாக்கியங்கள். அதன்பிறகே மெய்ப்பு. பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய கோப்பில் 'ர'வும் காலும் இடம் மாறியிருக்கும், 'ஔ'காரக் குறி 'ள'வாகியிருக்கும். கண் பழகிய ஆசிரியருக்கு அவை தெரிவதேயில்லை. அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, என்னுரை என்று முன்வாசலிலேயே இரண்டு ஃபாரம் போய்விடும் நூல்களும் உண்டு. அவற்றில் கைவைக்க மட்டும் எந்த எடிட்டருக்கும் அதிகாரம் கிடைப்பதில்லை.

கரிசல் எழுத்தில் எடிட்டரின் சோதனை வேறு. எதைத் திருத்துவது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்பதே இங்கே பெரிய அறிவு. 'சம்சாரி' என்றால் அகராதிக்குக் குடும்பஸ்தர். கோவில்பட்டிப் பக்கம் விவசாயி. 'காட்டுக்குப் போனார்' என்றால் வனத்துக்கு அல்ல, பருத்தியோ கம்போ விளையும் மானாவாரி நிலத்துக்கு. இதை அறியாத திருத்துநர் அதே பத்தியில் மரங்களைத் தேடுவார். 'கம்மாய்' என்பதைக் 'கண்மாய்' என்றும், 'பிஞ்சை'யைப் 'புன்செய்' என்றும், 'வெள்ளாமை'யை 'வேளாண்மை' என்றும் மாற்றினால் இலக்கணம் பிழைக்கும், ஊர் செத்துப்போகும். அதற்காக எழுதியதெல்லாம் வழக்கு என்றும் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் 'வந்துட்டாம்' என்றும் அடுத்த பக்கத்தில் 'வந்துவிட்டான்' என்றும் பேசினால் அது வழக்கன்று, கவனக்குறைவு. உரையாடலில் மட்டும் பேச்சுமொழியா, கதை சொல்லும் குரலிலுமா என்பதை ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு அவரைக் கடைசிப் பக்கம்வரை கட்டிப்போடுவது எடிட்டரின் வேலை.

இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் இந்த இடத்தில் தனியாக எண்ணத்தக்கவர். கதை சொல்லும் குரலையே பேச்சுக்குக் கொண்டுபோனவர் அவர். அதோடு நில்லாமல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்து 1982-இல் வெளிவரச் செய்தார். 1984-இல் வந்த 'கரிசல் கதைகள்' தொகுப்பின் தொகுப்பாசிரியரும் அவரே. ஓர் எழுத்தாளர் தம் வட்டாரத்து மொழிக்குத் தாமே சான்று தொகுத்து வைப்பது சாதாரணக் காரியமல்ல. திருத்துநர் கையில் சிவப்பு மை இருந்தால் மேசையில் அந்த அகராதியும் இருக்க வேண்டும்.

அதே இடைசெவலில் அதே 1923-இல் பிறந்த கு.அழகிரிசாமி மறுபக்கத்துக்கு உதாரணம். 'சக்தி'யிலும் மலாயாவின் 'தமிழ் நேச'னிலும் பணியாற்றிய பத்திரிகைக்காரர்; அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர். அவர் கதைகளின் அடங்கிய, வீண் சொல்லற்ற நடையில் பிறர் பிரதியைப் பார்த்துப் பழகிய கை தெரிகிறது. கி.ரா.வுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாகியுள்ளன. எடிட்டர் கிடைக்காத எழுத்தாளருக்கு அப்படி ஒரு நண்பர் போதும். பாராட்டுவதற்கென்றே படிக்கும் நண்பர் வேறு. அவர் வெளியீட்டு விழாவுக்கு வந்தால் போதும்.

பெரிய பிரதிக்கு நட்பு மட்டும் போதாது. பூமணியின் 'வெக்கை' 1982-இல் க்ரியா வெளியீடாக வந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'அஞ்ஞாடி'யும் 2012-இல் அங்கிருந்தே வந்தது. எடிட்டிங்கைப் பதிப்பின் மையமாக வைத்த நிறுவனம் அது. முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரு கரிசல் எழுத்தாளர் அதே வாசலுக்குத் திரும்பியது சொல்லாமல் சொல்லும் செய்தி. சொந்தப் பதிப்பாளருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர் செலவுக் கணக்கில் காகிதம், அட்டை, பைண்டிங் ஆகியவற்றுக்கு முன்னால் எடிட்டர் கூலியை எழுத வேண்டும். முழுப் பிரதியையும் ஒப்படைக்குமுன் பத்துப் பக்கத்தை மாதிரிக்குத் திருத்தச் சொல்லிப் பார்ப்பது இருவருக்கும் நல்லது. அந்தப் பத்துப் பக்கத்தில் தம் குரல் காணாமல் போயிருந்தால் ஆசிரியர் வேறு ஆள் பார்க்கலாம்.

நூல் வந்தபின் மீதமிருப்பது ஒரு கடமை. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பிரதிகள் அனுப்ப வேண்டும். தம் செலவில் அச்சிடுபவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். கோவில்பட்டியில் நூல் வெளியிடுபவர் விழா மேடைக்கு எடுத்துவைக்கும் கட்டிலிருந்து முதலில் கன்னிமாராவுக்கு ஒரு பிரதியைப் பிரித்து வைக்கட்டும்.