தன்மோகமும் எதிரில் இருப்பவரும்



யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியரைப் பற்றி அவரிடம் படித்தவர்களிடம் விசாரித்தேன். பலரும் ஒன்றையே சொன்னார்கள். மாணவன் எவ்வளவு தடுமாறினாலும், அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டாராம். இந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

நார்சிசிஸ்ட் என்ற சொல் இப்போது நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கணவன், மாமியார், மேலதிகாரி, பிரிந்துபோன காதலன் என்று யாரையாவது அப்படிச் சொல்கிறோம். ‘எனக்குள் அது எவ்வளவு?’ என்று கேட்டுக்கொள்பவர் குறைவு. அவர்களுக்காகத்தான் பேசுகிறேன். தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை: வீட்டில் அடியும் அவமானமும் பட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், இதைக் கேட்டுவிட்டு ‘தப்பு என் மேல்தானோ’ என்று குமைய வேண்டாம். அவருக்கு இப்போது தேவை பாதுகாப்பு. சுயபரிசோதனையை அவரை அடிப்பவர் செய்யட்டும்.

நார்சிசிசம், அதாவது தன்மோகம், ஓர் ஆளுமைக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேட்டில் இடம்பெற்றது. இன்று அதற்கு 9 அறிகுறிகள் சொல்கிறார்கள். அவற்றில் குறைந்தது 5 ஒருவரிடம் நிலைத்திருந்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் கோளாறு என்பார்கள். அந்த முடிவு மருத்துவருடையது. அந்த எல்லையை எட்டாத சாயலோ கூடக்குறைய எல்லோரிடமும் உண்டு. தன்னைக் கண்டு மலரும் ஒரு முகத்தைக் குழந்தை தேடுவது இயல்பு என்றார் உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ஸ் கோஹுட். அவருடைய முதன்மையான நூல் 1971இல் வந்தது. அந்தத் தேடல் நிறைவேறாமல் அப்படியே தங்கிவிடும்போதுதான், வளர்ந்த மனிதர் எல்லாரிடமும் அந்த முகத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நம் மரபில் இதற்கு நெருக்கமான சொல் ஆணவம். 14ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாச்சாரியார் தம் திருவருட்பயன் நூலில் ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு, இருளைவிட அது பொல்லாதது என்று காட்டுகிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளும். ஆணவம் தன்னையும் சேர்த்து மறைத்துவிடும். அவர் பேசியது உயிரைப் பற்றிய மெய்யியல். அதை இன்றைய உளவியலோடு ஒன்றாக்க நான் முயலவில்லை. ஆனால் அவருடைய கூற்றைச் சோதித்துப் பார்க்கத் தூண்டும் ஆய்வுகள் இருக்கின்றன.

2014இல் உளவியலாளர் சாரா கொன்ராத்தும் அவருடைய கூட்டாளிகளும் 11 ஆய்வுகளில் 2,200க்கும் மேற்பட்டோரிடம் நேரடியாகவே கேட்டார்கள்: “நீங்கள் தன்மோகம் கொண்டவரா?” அந்த ஒரே கேள்விக்குக் கிடைத்த பதில், நீண்ட வினாத்தாள்கள் தந்த முடிவோடு ஓரளவு ஒத்துப்போனது. தன்மோகம் மிகுந்தவர்கள் ஆம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2011இல் வந்த இன்னோர் ஆய்வு, தங்களை மற்றவர்கள் அவ்வளவு உயர்வாக நினைக்கவில்லை என்பதும் இத்தகையவர்களுக்குத் தெரியும் என்று காட்டியது. அப்படியானால் உமாபதியார் சொன்னது பொய்யா? இல்லை என்றே நான் நினைக்கிறேன். ‘ஆமாம், நான் கொஞ்சம் அப்படித்தான்’ என்று சொல்வது எளிது. சிலர் அதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன பிறகும் அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது, எதிரில் இருப்பவர் அந்த நேரத்தில் என்ன ஆனார் என்பது. அவருடைய முகம் எப்போது வாடியது, சொல்ல வந்ததை எந்த இடத்தில் விழுங்கினார் என்பதெல்லாம் நம் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே தன்மோகத்தை உள்ளே தேடுவதைவிடப் பேச்சில் தேடுவது பயன் தரும். சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979இல் எழுதிய நூலில், அன்றாட உரையாடலில் இரண்டு வகைப் பதில்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பேசுபவரிடமே பேச்சை விட்டுவைப்பது. மற்றொன்று, பேச்சை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது. நம் ஊரில் இது எப்படி நடக்கிறது? “அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்” என்கிறார் நண்பர். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, எங்க மாமனாருக்கும் இப்படித்தான்...” என்று தொடங்குகிறோம். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு, ராத்திரியெல்லாம் நாம் எப்படிக் கண்விழித்தோம் என்று போகிறது கதை. ஆறுதல் சொன்னதாகவே வீடு திரும்புகிறோம். நண்பருக்கு எதை நினைத்துப் பயம் என்பது கடைசிவரை வெளியே வரவில்லை. ஒரு நாள் முழுக்க, நம் பதில்களில் எத்தனை ‘எனக்கும்’, ‘நானும்’, ‘எங்க வீட்லயும்’ என்று தொடங்குகின்றன என்று கவனித்துப் பாருங்கள். எந்த வினாத்தாளைவிடவும் அது தெளிவாகக் காட்டும்.

உரக்கப் பேசுபவர்களிடம் மட்டும் இது இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஒடுங்கி, காயப்பட்டு நிற்கும் தன்மோகமும் உண்டு என்று உளவியலாளர் பால் விங்க் 1991இல் பிரித்துக் காட்டினார். நம் கல்யாண வீடுகளில் அதைப் பார்க்கலாம். பத்திரிகையில் பெயர் விட்டுப்போயிற்று, வாசலில் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பந்தியில் கவனிக்கவில்லை. இருபது வருடம் பேச்சுவார்த்தை அற்றுப்போகிறது. மணமக்கள் யார், அவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்பது அந்த மனத்தாங்கலுக்குள் வருவதே இல்லை. இன்னொரு வடிவமும் உண்டு. அதைச் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது தியாகத்தின் பெயரில் வருகிறது. “இந்தக் குடும்பத்துக்காகத் தேஞ்சு போனேன்” என்பது பல சமயம் முழு உண்மை. அதே வாக்கியம் பிள்ளைகளின் வாயை அடைக்கும் ஆயுதமாகவும் ஆகிவிடுகிறது.

தன்மோகம் எங்கிருந்து வருகிறது? பரம்பரைக்கும் பங்குண்டு, வளர்ப்புக்கும் பங்குண்டு. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் 7 முதல் 11 வயது வரையிலான 565 குழந்தைகளையும் பெற்றோர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள் உளவியலாளர் எட்டி ப்ரூமெல்மனும் கூட்டாளிகளும். ‘என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உசத்தி’ என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் காலப்போக்கில் தன்மோகம் கூடியது. அன்பாக மட்டும் இருந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் தன்மதிப்பு வளர்ந்தது. மார்க் ஷீட்டைத் தெருவெல்லாம் காட்டும் நாம் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

வயது ஏறினால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. 2024இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 37,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளிலிருந்து, தன்மோகம் வயதோடு சராசரியாகக் குறைகிறது என்று கண்டது. ஆனால் சமவயதினரைவிட அதிகம் இருந்தவர்கள் பிற்காலத்திலும் பெரும்பாலும் அதிகமாகவே இருந்தார்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறோர் ஆய்வு. 2014இல் இங்கிலாந்தில் உளவியலாளர் எரிகா ஹெப்பரும் கூட்டாளிகளும், வீட்டு வன்முறைக்கு ஆளான ஒரு பெண் தன் துயரத்தைச் சொல்லும் படத்தைக் காட்டினார்கள். சும்மா பார்த்தபோது தன்மோகம் மிகுந்தவர்கள் அவ்வளவாக அசையவில்லை. ‘அவள் என்ன உணர்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள்’ என்று சொன்னதும் இரக்கம் மற்றவர்களின் அளவுக்கு எழுந்தது. தொடர்ந்து செய்த இன்னொரு சோதனையில், வேறொருவரின் வேதனையைக் கேட்கும்போது இதயத் துடிப்பும் அதே மாற்றத்தைக் காட்டியது. ஆக, இரக்கம் வற்றிவிடவில்லை. யாராவது கேட்டால் வருகிறது. அந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை.

அந்தப் பழக்கம் சின்னச் சின்ன இடங்களில் வளரும். ஒருவர் தம் கவலையைச் சொன்னால், நம் கதைக்குப் போகுமுன் அவரிடம் இரண்டாவது கேள்வி ஒன்று கேட்கலாம். யாராவது நம்மைக் குறை சொன்னால் சுர்ரென்று கோபம் ஏறும். அந்தக் கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது கூச்சம், வெட்கம். பதிலை மறுநாளுக்குத் தள்ளிவைத்தால் அந்த வெட்கம் தணிய இடம் கிடைக்கும். ‘நான் மோசமானவன்’ என்று தன்னையே திட்டிக்கொள்வதால் பயனில்லை. அதிலும் நாம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். உறவுகள் மீண்டும் மீண்டும் ஒரே மாதிரி முறிந்தால், மனம் வெறுமையில் விழுந்தால், உளவியல் ஆலோசகரிடம் போக வேண்டும். தன்மோகத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. பொறுமையாகத் தொடரும் உளவியல் சிகிச்சைதான் வழி.

பெற்றோராக இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் வீடுகளில் பெரியவர்கள் சிறியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டாலும் பின்னாலேயே ஓர் ‘ஆனால்’ வந்து, ‘உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்’ என்று முடிகிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போய் மகனிடமோ மகளிடமோ, “நீ சொல்லிக்கிட்டு இருந்தப்ப நான் நடுவுல பேசிட்டேன், தப்புதான். என்ன சொல்ல வந்தே, சொல்லு” என்று கேளுங்கள். அவர்கள் உடனே பேசாமல் போகலாம். நாளைக்கும் கேளுங்கள்.