வேனற்கட்டி

சித்திரை பிறந்துவிட்டால் ஹைதராபாதில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பங்கனப்பள்ளி மாம்பழம் கடைத்தெருவுக்கு வருகிறது. கூடவே நம் வீடுகளுக்கு வேனற்கட்டியும் வருகிறது. தெலுங்கு பேசும் அண்டைவீட்டார் இதனைச் 'செககட்ட' என்பர். 'செக' என்றால் வெம்மை. ஆக, இரு மொழியினரும் சூட்டின்மீதே பழியைச் சுமத்தியிருக்கிறோம். அப்பழியில் மாம்பழத்திற்கும் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது, பாவம்!

கட்டியை உண்டாக்குவது ஒரு கிருமி. 1880ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை வைத்தியர், கட்டியின் சீழைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்து ஆராய்ந்தார். சிறு உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கக் கண்டார். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அவர் பின்னர் இட்ட பெயரே 'ஸ்டெபிலோகாக்கஸ்'. அனாபிஷாகித் திராட்சைக்குப் புகழ்பெற்ற ஊரில் வாழும் நாம் இவ்வுருவத்தை எளிதில் மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

நம்மில் ஏறத்தாழ மூவரில் ஒருவருடைய மூக்கினுள் இக்கிருமி ஒரு தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. வியர்வையில் ஊறிய தோலில் வேர்க்குருவைச் சொறிந்தாலும், சவரக் கத்தி கீறினாலும், மயிர்க்கால் வழியே உள்ளே புகுந்துவிடுகிறது. வெயிலின் பங்கு அவ்வளவே. எனவே மாம்பழத்தைத் தாராளமாக உண்ணலாம். சர்க்கரை வியாதியுள்ளோர் மட்டும் அளவோடு உண்க.

வேலை நிமித்தம் ஊரைவிட்டு வந்து, நால்வர் ஐவராக ஓர் அறையில் தங்கும் நம் இளைஞர்களிடையே ஒருவருக்கு வந்த கட்டி மற்றவருக்கும் வருவதுண்டு. பொதுத் துண்டும் பொதுச் சவரக் கத்தியுமே அதற்கு வழி. அவரவர்க்குத் தனித் துண்டு வேண்டும். அதை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஹைதராபாத் வெயில் இதற்காவது பயன்படட்டும்!

கட்டி வந்தபின் நாம் செய்யும் பெருந்தவறு அதைப் பிதுக்குவது. பிதுக்கினால் சீழ் ஆழத்திலும் பரவக்கூடும். மூக்கிலும் மேலுதட்டிலும் எழும் கட்டியைத் தொடவே கூடாது; அங்குள்ள இரத்தக் குழாய்கள் மூளையை ஒட்டிய குழாய்களோடு தொடர்புடையவை. அரிதாயினும், உயிருக்கே ஆபத்து நேர்ந்ததுண்டு. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், நாளைக்கு மூன்று நான்கு முறை பத்து நிமிடம் ஒற்றடமிட்டால், சிறு கட்டி பெரும்பாலும் தானே உடைந்து ஆறிவிடும். உடைந்ததும் தூய துணியால் மூடி, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

காய்ச்சல் கண்டாலோ, சிவப்பு சுற்றிலும் படர்ந்தாலோ, முகத்தில் கட்டி வீங்கினாலோ தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். உஸ்மானியா மருத்துவமனையிலும் காந்தி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உண்டு. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி, இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்தும் மாத்திரை வேண்டாம். இக்கிருமி மருந்துக்கு விரைவில் பழகிவிடுவது. மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத வகை, அம்மருந்து வந்த சிறிது காலத்திலேயே, 1961இல் இங்கிலாந்தில் அறியப்பட்டது.

கட்டி திரும்பத் திரும்ப வருமாயின், இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்த்துவிடுவது நலம். தமக்குச் சர்க்கரை வியாதி இருப்பதையே சிலர் இவ்வாறுதான் முதன்முதலில் அறிகின்றனர்.